சரி, டீச்சர்

தென்துருவக் கடலில் வைத்து என்னை ஏமாற்றியவர்கள் கெட்டவர்கள் இல்லை. அதுதான் எனக்கு இன்றுவரை தீராத எரிச்சல். கெட்டவர்களாக இருந்திருந்தால் வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு என் வேலையைப் பார்த்திருப்பேன். இவர்களோ எனக்குக் கம்பளிச் சட்டை கொடுத்தார்கள், அலையில் குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தபோது தலையைப் பிடித்துவிட்டார்கள், என் பிறந்தநாளைத் தெரிந்துகொண்டு கேக் வெட்டினார்கள்.

என் பெயர் பெர்னதெத். தூத்துக்குடிக்குத் தெற்கே சிலுவைத்துறை என்கிற கடற்கரை ஊரில் நடுநிலைப் பள்ளி அறிவியல் ஆசிரியை. ஊரில் பாதிப் பேர் என்னிடம் படித்தவர்கள், மீதிப் பாதி அவர்களைப் பெற்றவர்கள். கடல் ஆணையத்தின் ஆய்வுக் கப்பலில் கடலோரப் பள்ளி ஆசிரியர் ஒருவருக்கு இடம் உண்டு என்று அறிவிப்பு வந்தது. எழுதிப் போட்டேன். எடுத்த எடுப்பிலேயே கிடைத்துவிட்டது. எங்கள் ஊருக்கு ஒரு பஸ்கூட எடுத்த எடுப்பில் கிடைத்ததில்லை. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

கப்பலில் என் வேலை, பாடம் எடுப்பது. பனிப்பாறைக்கு முன்னால் நின்றுகொண்டு நான் பேசுவேன். ஊரில் பங்குக் கோயில் மண்டபத்தில் திரை கட்டியிருந்தார்கள். பிள்ளைகளுக்கென்று தொடங்கிய பாடத்துக்கு இரண்டாம் வாரமே பெரியவர்களும் வந்துவிட்டார்கள். பென்குவினைப் பார்க்கத்தான் வந்தார்கள் என்று எனக்குத் தெரியும். வந்தவர்களை விடுவேனா? பிடித்து உட்கார வைத்துப் பாடத்தையும் சேர்த்துப் புகட்டினேன்.

திரைக்குப் பக்கத்தில் தேங்காய் அளவில் கறுப்பாக ஒரு பெட்டி இருந்தது. அதற்கு எல்லோரும் வைத்த பெயர் காது. கைநாட்டையும் கையெழுத்தையும் மிரட்டி வாங்கலாம், போலியாகவும் போடலாம் என்பதால் அவற்றுக்கு மதிப்பு போய்ச் சில வருடங்கள் ஆகின்றன. இப்போது ஓர் ஊரின் சம்மதம் வேண்டுமென்றால், ஊர் நம்புகிற ஒருவர் தாய்மொழியில் விளக்க வேண்டும். ஊர்க்காரர்கள் வாயால் பதில் சொல்ல வேண்டும். அதைக் காது கேட்டுப் பதிய வேண்டும். ரேஷன் கடையை இடம் மாற்றுவதற்கும் காதுதான், வகுப்பறையில் பிள்ளைகளுக்குப் பாடம் புரிந்ததா என்று பார்ப்பதற்கும் காதுதான். அதனால் மண்டபத்தில் அது இருந்ததை ஒருவரும் பொருட்படுத்தவில்லை. நானும்தான்.

அறையில் என்னோடு இருந்தவள் சௌந்தரவல்லி. நான் வல்லி என்பேன். பொள்ளாச்சிக்காரி, கடல் வேதியியல் படித்த டாக்டர். கப்பலில் தமிழ் பேச எனக்குக் கிடைத்த ஒரே ஆள். வயதில் என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு இளையவள். "டீச்சர், சாப்டாச்சுங்களா? கஞ்சி மாதிரி ஏதாச்சும் போட்டுக் கொண்டாரட்டுங்களா?" என்று கேட்டுக்கொண்டு அவள் வந்து நின்றால் எனக்குக் குமட்டல் பாதி குறைந்துவிடும். பாடங்களுக்குக் குறிப்பு எழுதிக் கொடுத்ததும் அவள்தான். நான் என் வாய்க்கு ஏற்றபடி மாற்றிக்கொள்வேன். ஒரே ஒரு வாக்கியத்தை மட்டும் மாற்ற வேண்டாம் என்றாள். பச்சைத் தூள் பற்றிய பாடங்களின் முடிவில் வரும் வாக்கியம் அது.

பச்சைத் தூள் என்பது அரைத்த பாறை. அந்தக் கப்பலும் பின்னால் வந்த கப்பல்களும் அதைத்தான் சுமந்துகொண்டிருந்தன. உலகத்துப் புகையையெல்லாம் குடித்துக் கடல் புளித்துப்போய்விட்டது. தூளைத் தென்கடலில் கொட்டினால் புளிப்பு முறியும், கடல் இன்னும் புகையைக் குடிக்கும், பூமியின் சூடு தணியும். இதை விளக்க நான் மண்டபத்தில் ஒரு தட்டில் மஞ்சள் தண்ணீர் வைக்கச் சொன்னேன். சுண்ணாம்பைப் போட்டார்கள், சிவந்தது. எலுமிச்சை பிழிந்தார்கள், பழையபடி மஞ்சளானது. மண்டபமே கலகலத்தது. மீன் விற்கும் அமலோற்பவம், என் எட்டாம் வகுப்பில் படிக்கும் ஒருத்தியின் அம்மா, முன்வரிசையில் இருந்து சொன்னாள்.

"ஆலத்தித் தட்டுல இம்புட்டு விசயம் இருக்கா டீச்சர்?"

"இருக்கு. இதேதான் கடலுக்கும். விளங்கிச்சா?"

"சரி டீச்சர்."

பிறகு அந்த மாற்றக் கூடாத வாக்கியத்தைச் சொன்னேன். "இதனால் பருவத்தில் வரும் மாற்றத்தை நம் கரை தாங்கும்." மழை கொஞ்சம் முன்னே பின்னே ஆனாலும் நமக்கு ஒன்றும் ஆகாது என்று ஆறுதல் சொல்கிற தொனியில்தான் சொன்னேன். எனக்குச் சொல்லப்பட்ட அர்த்தமும் அதுதான். மண்டபம் முழுக்க ஒரே குரலில் பதில் வந்தது.

"சரி டீச்சர்."

இருபது வருடமாக நான் எதைச் சொன்னாலும் அந்த ஊர் சொல்கிற பதில் அது. மழையில் நனையாதே என்றாலும் சரி டீச்சர், பிளாஸ்டிக்கைக் கடலில் போடாதே என்றாலும் சரி டீச்சர். அப்புறம் நனைவார்கள், போடுவார்கள். அது வேறு விஷயம்.

கப்பலின் தலைமை விஞ்ஞானி ஹென்ரிக், நார்வேக்காரர், நெட்டையான மனிதர். சட்டத்தை மீறி ஒரு குண்டூசியைக்கூட எடுக்காதவர். ஒருநாள் மதியச் சாப்பாட்டின்போது எழுந்து நின்று என் பக்கம் கோப்பையை உயர்த்தினார். அவர் பேசியது ஆங்கிலத்தில்.

"டீச்சர், உங்கள் மக்களுக்கு இந்த உலகம் நன்றிக்கடன் பட்டிருக்கிறது. இவ்வளவு பெரிய மனது கொண்ட கரையை நான் கண்டதில்லை. நாளை மறுநாள் தூள் இறங்குகிறது."

எல்லோரும் கை தட்டினார்கள். நானும் வெட்கத்தோடு சிரித்து வைத்தேன். எதற்கு நன்றி என்று கேட்பதற்கே எனக்குச் சிறிது நேரம் பிடித்தது.

"ஏன், சுமையை ஏற்றுக்கொண்டதற்குத்தான்," என்றார்.

"என்ன சுமை?"

ஹென்ரிக் வல்லியைப் பார்த்தார். வல்லி தட்டைப் பார்த்தாள். அவளுக்கு முன்னால் இருந்த ரொட்டி தொடாமல் இருந்தது.

அவரே விளக்கினார். தூளைக் கொட்டினால் நீரோட்டம் மாறும். எந்தக் கரையாவது ஒன்று நஷ்டப்பட்டே ஆகவேண்டும். எந்த இடத்தில் கொட்டுகிறோம் என்பதைப் பொறுத்து அது எந்தக் கரை என்று முடிவாகும். இங்கே கொட்டினால் தமிழ்நாட்டுத் தென்கரைக்கு ஐப்பசி, கார்த்திகை மழை ஒரு தலைமுறைக்குப் பொய்க்கும், மீன் விலகிப் போகும். நஷ்டப்படும் கரை சம்மதிக்காமல் ஒரு கைப்பிடி தூளைக்கூடக் கொட்ட முடியாது என்பது சட்டம். கரைக்கு ஓர் ஊரைச் சீட்டுப் போட்டு எடுப்பார்கள். எங்கள் கரைக்கு விழுந்த சீட்டு சிலுவைத்துறை.

"உங்கள் ஊர் சம்மதித்துவிட்டது. கரை தாங்கும் என்று நீங்கள் சொன்னீர்கள், சரி என்றார்கள். ஒரு பாடத்தில் இல்லை, எல்லாப் பாடத்திலும். உங்களுக்குத் தெரியாதா?"

வல்லி அதற்குள் எழுந்து வெளியே போய்விட்டாள்.

வல்லியைப் பின்மேடையில் பிடித்தேன். குளிர் முகத்தை அறுத்தது. அங்கே இருட்டே கிடையாது, எந்நேரமும் ஒரு வெளிறிய வெயில். ஒளிந்துகொள்ள அவளுக்கு இடம் இல்லை.

"தாங்கும்னா சுமக்கும்னு அர்த்தம் வச்சு எழுதுனியா வல்லி?"

"ரெண்டு அர்த்தமும் இருக்குதுங்க டீச்சர்."

"'சரி'ன்னா சம்மதம்னு காதுக்குச் சொல்லிக் குடுத்தது யாரு?"

"நானுங்க." தயங்கவே இல்லை அவள். "ஒவ்வொரு பாசைக்கும் ஒரு ஆள் சான்று குடுக்கோணும். தமிழுக்கு நான் குடுத்தேன்."

"ஹென்ரிக்குக்குத் தமிழ் தெரியாது. அவர விடு. நீ பொள்ளாச்சிக்காரி. தும்முனாக்கூட 'சரிங்க' சொல்லுதவ. உங்கம்மா போன்ல உடம்பப் பாத்துக்கன்னு சொன்னா என்ன சொல்லுதே?"

"சரிங்கம்மான்னு சொல்லுவேனுங்க."

"அதுக்கு என்ன அர்த்தம்?"

அவள் கண்ணில் நீர் திரண்டது. காற்றினாலும் இருக்கலாம்.

"காதுல விழுந்துச்சுன்னு அர்த்தம்ங்க டீச்சர்."

"தெரிஞ்சே செஞ்சிருக்க."

"தெரிஞ்சேதானுங்க. எங்கப்பா வச்ச தென்னந்தோப்பு மொத்தமும் சூட்டுல கருகிப் போச்சு. அவரும் அதோட போயிட்டாரு. இந்தத் தூளு விழுந்தா எத்தனையோ கோடிச் சனம் பொழைக்கும். ஒரே ஒரு கரை கொஞ்சம் கஷ்டப்படோணும். நெசத்தச் சொல்லிக் கேட்டா எந்த ஊருங்க சரிங்கும்?"

"கேட்டுப் பாத்தியா?"

எனக்கு அவளை அறையவேண்டும் போலிருந்தது. அதைவிட, அவள் போட்டுக் கொடுத்த கஞ்சியையெல்லாம் திருப்பிக் கக்கவேண்டும் போலிருந்தது. என்னை அழைத்து வந்தது பாடத்துக்காக இல்லை. ஊர் என்மேல் வைத்த நம்பிக்கையைத் தூண்டிலில் இரையாகக் குத்தத்தான் அழைத்து வந்திருக்கிறார்கள். என் தலையில் மிளகாய் அரைத்தது போதாதென்று என் ஊரின் தலையிலும் என் கையாலேயே அரைக்க வைத்துவிட்டார்கள்.

ஹென்ரிக்கிடம் போய் நின்றேன். தூள் இறங்கும்வரை ஊர் மனதை மாற்றிக்கொள்ளச் சட்டத்தில் இடம் உண்டா என்று கேட்டேன். உண்டு என்றார். அவர் சட்டத்தை மறைப்பவர் இல்லை. மறுநாளே ஒரு பாடம் எடுக்க அனுமதித்தார்.

மண்டபம் நிறைந்திருந்தது. பென்குவின் இல்லை, பனிப்பாறை இல்லை, தட்டில் மஞ்சள் இல்லை. எல்லாவற்றையும் உடைத்துச் சொன்னேன். மழை நின்றுபோகும் என்றேன். மீன் போய்விடும் என்றேன். என்னை வைத்து உங்களை ஏமாற்றிவிட்டார்கள் என்றேன். விசைப்படகு வைத்திருக்கும் சூசை மிக்கேல் எழுந்தார்.

"இப்ப நாங்க என்ன செய்யணும் டீச்சர்?"

"வேண்டாம்னு சொல்லுங்க. ஒவ்வொருத்தரா வந்து காதுக்கிட்ட சொல்லுங்க."

வந்தார்கள். வரிசையில் நின்று சொன்னார்கள். வேண்டாம், வேண்டாம், வேண்டாம். சில கிழவர்கள் கெட்ட வார்த்தையும் சேர்த்துச் சொன்னார்கள். அமலோற்பவம் காதுக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுபோய் அது செவிடாகிப்போகிற மாதிரி கத்தினாள். ஹென்ரிக்கின் மேசையில் இருந்த விளக்கைப் பார்த்தேன். சம்மதம் என்றால் பச்சை, மறுப்பு என்றால் சிவப்பு. அது பச்சையாகவே எரிந்துகொண்டிருந்தது.

"மன்னியுங்கள்," என்றார் ஹென்ரிக். "காது இதை ஏற்கவில்லை. என்ன சொல்ல வேண்டும் என்று நீங்களே சொல்லிக் கொடுத்தீர்கள். அது தூண்டிப் பெற்ற பதில். முந்தைய பாடங்களில் நீங்கள் அவர்களைப் பதில் சொல்லச் சொல்லவே இல்லை. கேட்காமலே வந்த பதில்தான் சுதந்திரமான பதில். அதுதான் நிற்கும்."

கேட்காமலே வந்ததுதான் நிற்குமாம். கேட்டிருந்தால்தானே ஐயா வேறு பதில் வந்திருக்கும் என்று தமிழிலேயே கத்தினேன். அவருக்குப் புரியவில்லை. திரையில் இருந்தவர்களுக்குப் புரிந்தது.

"என்ன டீச்சர், முடிஞ்சிச்சா? நாங்க போவலாமா?" என்றாள் அமலோற்பவம்.

"செல்லாதாம். நான் சொல்லிக் குடுத்து நீங்க சொன்னியளாம்."

அவள் இடுப்பில் கை வைத்தாள். மீன் விலையைக் குறைத்துக் கேட்டவனைப் பார்க்கிற பார்வை வந்தது.

"நல்லாருக்கு கத. அன்னைக்கும் நீங்க சொன்னியன்னுதான சரின்னோம்? இன்னைக்கும் நீங்க சொல்லுதியன்னு வேண்டாங்கோம். அந்தப் பாடத்துல எங்களுக்குப் பாதி விளங்கவே இல்ல. புளிச்சுதாம், குடிச்சுதாம், யாரு கண்டா? ஒங்க மூஞ்சியப் பாத்துத்தான் டீச்சர் சரின்னோம்."

எனக்கு அது வலித்தது, ஒளிக்கவில்லை. என் மஞ்சள் தட்டும் எலுமிச்சையும் பாதிப் பேருக்குப் போய்ச் சேரவில்லை. ஆனால் மண்டபத்தில் பேசுவது மட்டும் ஹென்ரிக்கின் காதுக்கருவியில் ஆங்கிலமாக ஓடிக்கொண்டிருந்தது. அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இது முக்கியமானது. முதல் பாடங்களிலும் அவர்களைத் தூண்டினீர்களா? தெரிந்தே, திட்டமிட்டு? அப்படியானால் அந்தச் சம்மதமும் செல்லாது. ஆனால் யோசித்துச் சொல்லுங்கள். ஊரைத் தூண்டிச் சம்மதம் வாங்கியவர் என்று உங்கள் பெயர் பதிவாகும். காது இருக்கும் இடத்தில் நீங்கள் இனி யாருக்கும் எதையும் விளக்க முடியாது."

காது இல்லாத வகுப்பறை இப்போது எங்கே இருக்கிறது? அவர் என்னை இனி டீச்சர் இல்லை என்கிறார் என்பது எனக்குப் புரிந்தது. சொல்ல வேண்டியதைத் தாய்மொழியில்தான் சொல்ல வேண்டும், அப்போதுதான் காது ஏற்கும். அதாவது என் ஊர் முழுக்கக் கேட்கும்.

நான் யாரையும் தூண்டியதில்லை. எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன், அவ்வளவுதான். திரையைப் பார்த்துச் சொன்னேன்.

"தெரிஞ்சுதான் செஞ்சேன். மழை நின்னுபோகும்னு எனக்கு முதல்லயே தெரியும். உங்கள ஏமாத்தி சரின்னு சொல்ல வச்சது நான்தான்."

அமலோற்பவத்தின் கை இடுப்பிலிருந்து இறங்கியது. சூசை மிக்கேல் ஏதோ கேட்க வாயெடுத்துப் பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். பின்னாலேயே மற்றவர்களும் எழுந்தார்கள். நாற்காலி இழுபடுகிற சத்தம் மட்டும் கேட்டது. என்னிடம் படித்த ஒரு பிள்ளைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. இது நாடகம், நம்பாதீர்கள் என்று கண்ணால் சொல்லிவிடலாமா என்று தவித்தேன். காதுக்குக் கண்ணும் உண்டு என்று வல்லி எப்போதோ சொல்லியிருந்தாள்.

ஹென்ரிக் வல்லியைக் கேட்டார். தமிழ்ச் சான்று அவள்தானே கொடுக்க வேண்டும். "இவர் சொல்வது உண்மையா?"

வல்லி என்னை ஒரு கணம் பார்த்தாள். உண்மை என்ன என்று அந்தக் கப்பலில் என்னைத் தவிர அவளுக்குத்தான் தெரியும்.

"உண்மைதான்," என்றாள் ஆங்கிலத்தில்.

விளக்கு அணைந்தது. தூள் இறங்கவில்லை. எங்கள் கரை தப்பியது. வல்லி கடைசி நேரத்தில் எனக்கு ஒரு நல்லது செய்துவிட்டாள் என்று நினைத்தேன். அந்த நினைப்பில் அவளை மன்னித்தும் தொலைத்தேன். அறையில் இருவரும் பேசிக்கொள்ளாவிட்டாலும், அவள் வைத்துவிட்டுப் போன தேநீரை இரண்டு மூன்று தடவை குடித்தேன்.

கப்பல் கேப்டவுன் துறைமுகத்தில் என்னை இறக்கிவிடப் போயிற்று. சுமையைக் குறைக்காமலே போயிற்று. பின்னால் வந்த கப்பல்களும் திரும்பவில்லை. அதை நான் கவனித்தேன், கேட்கவில்லை. கேட்கிற நிலையில் நான் இல்லை.

பையைத் தூக்கிக்கொண்டு ஏணிப்படியில் இறங்கினேன். கீழே ஒரு பெண் ஏறுவதற்குக் காத்துக்கொண்டிருந்தாள். என் வயதுதான் இருக்கும். பருத்திப் புடவைக்கு மேல் ஆணையத்தின் கம்பளிச் சட்டை, எனக்குக் கொடுத்த அதே நீலம். சுபாசினி பெஹரா, ஒடிசா கடற்கரைப் பள்ளி ஆசிரியை என்று மார்பில் பெயர் அட்டை குத்தியிருந்தது.

மேல்தட்டிலிருந்து வல்லி அவளுக்குக் கையசைத்து ஒடியாவில் ஏதோ சொன்னாள். அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்தது. ஊர்ப்பேச்சு கேட்டதும் என் முகமும் இப்படித்தான் மலர்ந்திருக்கும். என்னுடன் அறையில் இருந்தபோதே காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு அவள் ஏதோ மொழிப்பாடம் கேட்டுக்கொண்டிருந்தாள். பாட்டு கேட்கிறாள் என்று நினைத்திருந்தேன். என் வாக்குமூலத்துக்கு அவள் அவ்வளவு சுலபமாகத் தலையாட்டியது ஏன் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

நான் படியை மறித்து நின்றேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அவசர அவசரமாகச் சொன்னேன். போகாதீர்கள், உங்களை வைத்து உங்கள் கரையை விற்கப் போகிறார்கள், உங்கள் ஊர் பதிலுக்குச் சொல்கிற ஒரு சொல்லுக்குத்தான் உங்களை அழைக்கிறார்கள். எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தது.

அவள் பொறுமையாகக் கேட்டாள். பிறகு என் மார்பில் இருந்த பெயரைப் படித்தாள்.

"நீங்கள்தானா அது?" என்றாள். "உங்களைப் பற்றி முதலிலேயே சொல்லிவிட்டார்கள். ஒலிப்பதிவைப் போட்டும் காட்டினார்கள். மழை நிற்கும் என்று தெரிந்தே ஊரை ஏமாற்றினேன் என்று சொல்வது உங்கள் குரல்தானே?"

இல்லை என்று எப்படிச் சொல்வேன்? இல்லை என்றால் எங்கள் கரையின் சம்மதம் மறுபடி உயிர்பெறும். துறைமுகத்துக் கம்பத்திலும் ஒரு காது இருந்தது.

"என் குரல்தான்," என்றேன்.

அவள் என் தோளில் கை வைத்தாள். கோபமே இல்லை அந்தக் கையில். பரிதாபம்தான் இருந்தது.

"கவலைப்படாதீர்கள் டீச்சர். நான் என் ஜனங்களிடம் ஒருநாளும் பொய் சொன்னதில்லை. அவர்களுக்கும் அது தெரியும்."

நானும் சொன்னதில்லை அம்மா. சொன்ன ஒரே பொய்யைத்தான் உங்களுக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். அதற்கு ஆங்கிலத்தில் வார்த்தை தேடிக் கோப்பதற்குள் அவள் படியேறிப் போய்விட்டாள்.